சிறை மீண்டோரும் உடல்நல அறிவும்

சிறைப்பணி என்றவுடன் நம் சபையாருள் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது, கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி மத்தியச் சிறைக்குள் சென்று நடத்தும் பாடல் ஆராதனையும், அங்கு வழங்கும் இனிப்புப் பொட்டலமும், புதிய ஏற்பாட்டுப் பிரதியுமே ஆகும். இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சிறைக்குள் சென்று ஒருவனைப் பார்ப்பது ஒரு பணி. சிறையை விட்டு வெளியே வரும் அவனை எதிர்கொள்வது மற்றொரு பணி. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நோயுற்றவனும் காவலில் உள்ளவனும் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றனர். நாமோ அவ்விருவரையும் வெவ்வேறு மனிதராக எண்ணி, ஒருவனை மருத்துவமனைகளிடமும் மற்றவனை ஆர்வமுள்ள ஓரிரு சபையாரிடமும் ஒப்படைத்துவிட்டோம். இரு நிலைகளும் ஒரே மனிதனிடத்தில் கூடி, அவன் நம் ஆலயத்தின் பின்வரிசையில் வந்து அமரும்போது நாம் செய்யத்தக்கது யாது என்பதே இங்கு நம் ஆய்வுக்குரிய வினா.

இக்கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பதினொரு மாதங்கள் விசாரணைக் கைதியாக இருந்து பிணையில் வந்த ஒருவரை எங்கள் மாணவர் குழு சந்தித்தது. வயது நாற்பதைக் கடந்தவர். செங்கற்சூளையில் வேலை செய்து பழகியவர். நாங்கள் அவருக்கு வேலை தேடிக் கொடுத்தோம், வழக்கறிஞரிடம் பேசினோம், வீட்டிற்குச் சென்று ஜெபித்தோம். ஏழாம் வாரத்தில் அவர் இருமிக்கொண்டு வந்தார். சளியில் இரத்தம் இருந்தது. மருத்துவமனையில், முன்பு காசநோய்க்கு மருந்து உண்டதுண்டா என்று கேட்டபோது இல்லை என்றே விடையளித்தார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபின், எங்கள் மாணவர் ஒருவர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டபோதுதான் செய்தி வெளிப்பட்டது. “உள்ளே இருக்கும்போது தினமும் மாத்திரை குடுத்தாங்க தம்பி. ரெண்டு மூணு மாசம் இருக்கும். அது உள்ளே இருக்கிறவங்களுக்குக் குடுக்கிறதுதானே? வெளியே வந்த பிறகு எதுக்கு?” என்றார்.

ஆறு மாதம் உண்ண வேண்டிய மருந்து பாதியும் முடியாமல் நின்றுபோயிருந்தது. சிறை மருத்துவர் நோயின் பெயரை அவரிடம் சொல்லவில்லை என்று நாங்கள் குற்றஞ்சாட்டவில்லை, சொல்லியிருக்கலாம். எங்கள் குற்றம் வேறு. ஏழு வாரங்களில் பலமுறை அவரைச் சந்தித்த நாங்கள், அவருடைய ஆத்துமாவைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் கூலியைப் பற்றியும் கேட்டோம். “உள்ளே ஏதேனும் மருந்து உண்டீர்களா?” என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை. அவர் நலம் பெற்றுவிட்டார். ஆனால் அவருடைய ஐந்து வயது மகளும் மருந்து உண்ண நேர்ந்தது.

உடல்நல அறிவு என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘ஹெல்த் லிட்ரசி’ என வழங்கும் சொற்றொடரை 1974ஆம் ஆண்டில் ஸ்காட் சைமண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் தம் கட்டுரையில் கையாண்டார். இதனை ‘உடல்நல எழுத்தறிவு’ என்று மொழிபெயர்ப்பாரும் உளர். அப்பெயர் பொருளைச் சுருக்கிவிடுகிறது என்பது நம் கருத்து. மாத்திரை அட்டையில் உள்ள எழுத்துகளைப் படிக்க இயன்றும், அம்மாத்திரையை ஏன் உண்கிறோம் என்று அறியாதோர் பலர். எழுத்தே அறியாத பாட்டி, தன் இரத்த அழுத்த மாத்திரையை நிறத்தால் அடையாளங்கண்டு, வேளை தவறாது உண்டு, தீர்வதற்கு மூன்று நாள் முன்னரே பேரனை மருந்து வாங்க அனுப்புவதையும் நாம் காண்கிறோம். இவ்விருவருள் உடல்நல அறிவு உடையவர் பாட்டியே.

டான் நட்பீம் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வறிவை மூன்று படிகளாகப் பிரித்தார். முதற்படி, சொல்லப்பட்டதைப் படித்தும் கேட்டும் புரிந்துகொள்வது. இரண்டாம் படி, மருத்துவரோடும் செவிலியரோடும் உரையாடித் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுவது. மூன்றாம் படி, தன் நோய்க்குக் காரணமான வாழ்க்கைச் சூழலையே ஆராய்ந்து வினவுவது. பவுலோ ஃபிரேயிரியின் கல்விச் சிந்தனையைப் பயின்ற நம் மாணவர்களுக்கு இம்மூன்றாம் படி புதிதாகத் தோன்றாது. சிறை மீண்டவனைப் பொறுத்தவரை நாம் மிகுதியும் கவலைகொள்ள வேண்டியது இரண்டாம் படியைப் பற்றியே என்று கருதுகிறோம். ஏனெனில் சிறை அவனிடமிருந்து முதலில் பறித்துக்கொள்வது கேட்கும் பழக்கத்தைத்தான்.

சிறையில் அவன் எப்போது எழ வேண்டும், எப்போது உண்ண வேண்டும் என்பவற்றைப் பிறர் முடிவு செய்கின்றனர். மருந்தும் அவ்வாறே. வரிசையில் நிற்கிறான், கையை நீட்டுகிறான், கொடுத்ததை விழுங்குகிறான். மருத்துவரிடம் செல்வதற்கும் காவலர் அழைத்துச் செல்ல வேண்டும். அதிகம் கேள்வி கேட்பவன் தொல்லை தருபவன் எனப் பெயரெடுப்பான். ஆதலால் கேளாதிருப்பதே அங்கு அறிவுடைமை. ஒரு நாள் மாலையில் வாயில் திறக்கிறது. அந்நேரம் முதல் அவனே தன் மருந்தைக் காக்க வேண்டும். எண்ணிப் பார்க்க வேண்டும். தீருமுன் மருத்துவமனையைத் தேடிச் செல்ல வேண்டும். வரிசையில் நின்று, ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவர் கொடுக்கும் இரண்டு நிமிடத்தில் தன் நோய் வரலாற்றைக் கூற வேண்டும். பெரும்பாலோர் மருத்துவர் முன்னும் சிறை அலுவலர் முன் நின்றது போலவே கைகட்டி நின்று, கேட்டதற்கெல்லாம் “சரிங்க ஐயா” என்று கூறித் திரும்பிவிடுகின்றனர்.

எழுத்தறிவும் இவர்களுள் பலருக்குக் குறைவே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல் ஆண்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறிவு அற்றவர். ஐந்தில் இருவர் அளவினர் பத்தாம் வகுப்பை எட்டாதவர். 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைவருக்கு மேற்பட்டோர், விசாரணைக் கைதிகள். இந்தக் கடைசி எண் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. அதற்குரிய காரணத்தை அடுத்துக் காண்போம்.

வாயில் திறக்கும் நாள்

தண்டனைக் கைதி விடுதலையாகும் நாள் முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. அலுவலர் விரும்பினால், அவனுக்குரிய மருந்தையும் சீட்டையும் முன்னதாகவே ஆயத்தம் செய்துவைக்கலாம். விசாரணைக் கைதியின் நிலை அவ்வாறன்று. பிணை ஆணை எப்போது வரும் என்பதை அவனும் அறியான், சிறை மருத்துவரும் அறியார். ஆணை வந்து சேர்ந்தவுடன், உடன் இருந்தோரிடம் விடைபெறவும் நேரமின்றி வெளியேறுகிறான். அவனுடைய சிகிச்சைக் குறிப்பு சிறை மருத்துவமனை அலமாரியில் கிடக்கிறது. அவன் கையில் இருப்பது ஒரு துணிப்பை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, கடுமையான அல்லது ஆபத்தான நோயுற்றிருக்கும் கைதியை, வெளியேறுவது பாதுகாப்பானது என மருத்துவ அலுவலர் கருதும்வரை, அவனுடைய விருப்பத்திற்கு மாறாக வெளியேற்றலாகாது என்று கூறுகிறது. ஆனால் ‘விருப்பத்திற்கு மாறாக’ என்னும் சொற்களை நாம் உற்றுநோக்க வேண்டும். மாதக்கணக்கில் பிணைக்காக ஏங்கியவன், மருந்துக்காக இன்னும் ஒரு நாள் உள்ளே இருப்பதற்கு விரும்புவானோ? 1996ஆம் ஆண்டில் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளின் முதன்மையான குறைகளை ஒன்பதாக வகுத்துக் கூறியபோது, உடல்நலத்தையும் தூய்மையையும் புறக்கணித்தலை அவற்றுள் ஒன்றாக வைத்தது. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இன்னும் தெளிவானவை. சிறையில் நடைபெறும் சிகிச்சை பொதுநலச் சுகாதாரத் துறையோடு இணைந்து, காசநோய், எச்.ஐ.வி., போதைப் பழக்கம் ஆகியவற்றிலும் இடையறாது தொடர வேண்டும் என்று 24ஆம் விதியும், கைதி கேட்டால் தன் மருத்துவக் கோப்பைப் பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு என்று 26ஆம் விதியும் கூறுகின்றன. ‘கேட்டால்’ என்னும் சொல்லில்தான் மீண்டும் வந்து நிற்கிறோம்.

இவ்விடத்தில் ஜான் ஹோவர்டை நினையாமல் இருக்க இயலவில்லை. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையைச் சாராத சபை ஒன்றின் உறுப்பினரான இவர், 1773இல் பெட்ஃபர்டு மாவட்டத்தின் ஷெரீஃப் ஆனார். ஜான் பனியன் நெடுங்காலம் சிறையிருந்தது அந்தப் பெட்ஃபர்டில்தான். ஹோவர்டு அளித்த சாட்சியத்தைத் தொடர்ந்து 1774இல் பாராளுமன்றம் கைதிகளின் உடல்நலம் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுவர்களுக்கு வெள்ளையடித்தல், நோயாளிகளுக்குத் தனி அறை, மருத்துவர் நியமனம் என்பவற்றோடு வேறு ஓர் ஏற்பாடும் அதில் இருந்தது. அச்சட்டத்தைப் பெரிய எழுத்துகளில் பலகையில் எழுதிச் சிறையில் அனைவரும் காணுமிடத்தில் தொங்கவிட வேண்டும் என்பதே அது. ஹோவர்டு அச்சட்டத்தைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டுச் சிறைக் காவலர்களுக்கு அனுப்பினார். பின்பு சிறைசிறையாகச் சென்றபோது, பலகை தொங்குகிறதா இல்லையா என்பதையும் தம் குறிப்பில் எழுதிவைத்தார். சிறைக் கைதிக்கு உடல்நல அறிவு புகட்டும் முயற்சிகளுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று எனலாம். அப்பலகையை எத்தனை கைதிகளால் படிக்க முடிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. நம் மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியுள்ள வண்ணச் சுவரொட்டிகளைக் காணும்போதெல்லாம் அக்கேள்வி நம் மனத்தில் எழுகிறது.

காசநோயும் சென்னை தந்த பாடமும்

சிறை மீண்டோர் கொண்டுவரும் நோய்களுள் காசநோயைப் பற்றி ஆயர்கள் சற்று விரிவாகவே அறிந்திருக்க வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் பலர் நெருங்கி உறங்குமிடத்தில் அது எளிதில் பரவும். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சிறையிலிருந்தோருள் ஏறத்தாழ 1,25,000 பேருக்குக் காசநோய் உண்டானதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பொதுமக்களிடையே உள்ள விகிதத்தைப் போல் இது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அவருள் பாதிப் பேரளவில்தான் கண்டறியப்பட்டனர் என்றும் அவ்வாய்வு கூறிற்று.

இந்நோயின் மருத்துவத்தில் நம் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டு, வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவரின் தலைமையில் ஆய்வு நடைபெற்றது. நோயாளிகளுள் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மருத்துவம் பெற்றனர். மற்றவர் தம் ஏழைக் குடில்களிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் நலம் பெற்றிருந்தனர். நோயைத் தீர்ப்பதில் படுக்கையையும் உணவையும் விட மருந்தே முதன்மையானது என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது. அதனோடு ஒரு புதிய சிக்கலும் பிறந்தது: வீட்டில் உள்ளவன் மருந்தைத் தவறாது உண்கிறான் என்பதற்கு உறுதி யாது? இக்கேள்விக்கு விடையாகவே, மருந்தைப் பிறர் கண்முன் உண்ணச் செய்யும் முறையும் அம்மையத்தின் ஆய்வுகளில் வளர்ச்சி பெற்றது.

கண்முன் உண்ணச் செய்வதற்குச் சிறையைவிட ஏற்ற இடம் வேறில்லை. அங்கு நோயாளி எங்கும் ஓட முடியாது. மாத்திரை நாள்தோறும் வயிற்றுக்குள் செல்கிறது. ஆனால், அதே காரணத்தினால் அறிவு தலைக்குள் செல்வதில்லை. பிறர் நினைவூட்ட உண்டவன் தானே நினைவுகூர வேண்டிய தேவை எழவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடல் எடை கூடி, பசியும் திரும்பிவிடுகிறது. வெளியே வந்தவன் தன்னை நலமுற்றவனாகவே எண்ணுகிறான். இப்போது நம் நாட்டில் வழங்கும் முறைப்படி, மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் நாள்தோறும் உண்ண வேண்டும். இடையில் விட்டால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமிகளாக மாறுவதும் உண்டு. அப்போது சிகிச்சை நீளும், துன்பமும் பெருகும்.

ஆயர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசுத் திட்டத்தில் பதிவான ஒவ்வொரு காசநோயாளிக்கும் நிக்ஷய் எண் என்று ஒன்று தரப்படுகிறது. அவ்வெண் கையில் இருந்தால், மதுரையில் தொடங்கிய சிகிச்சையை நாங்குநேரியில் தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உணவுக்கென 2018 ஏப்ரல் முதல் திங்கள்தோறும் ரூ. 500 வழங்கப்பட்டு, 2024 நவம்பரில் அது ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது. இத்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவதால், கணக்கு இல்லாதவனுக்கு அதைத் திறந்து கொடுப்பதும் உடல்நலப் பணியே.

முதற் பதினான்கு நாட்கள்

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 1999 முதல் 2003 வரை அம்மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரின் கதியை அது ஆராய்ந்தது. வெளியே வந்த முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் அளவு, அம்மாநிலத்துப் பிற மக்களின் அளவைப் போல் 12.7 மடங்காக இருந்தது. முதன்மையான காரணம் போதைமருந்து மிகுதி.

இதன் காரணத்தை ஆயர்கள் அறிந்திருத்தல் நலம். அபின் வகையைச் சேர்ந்த பொருள்களைத் தொடர்ந்து உட்கொள்பவனின் உடல் மெல்ல மெல்ல அவற்றைத் தாங்கிக்கொள்ளப் பழகுகிறது. சிறையில் சில மாதங்கள் அவை கிடைக்காதபோது அந்தத் தாங்கும் ஆற்றல் போய்விடுகிறது. ஆசையோ போவதில்லை. வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்துக்கொள்கிறான். அவனுடைய மூச்சு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் ஹெராயினைவிடச் சாராயமே பெருங்கேடு. எனினும் வலி தீர்க்கும் வன்மையான மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருப்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். “இனிமேல் தொடாதே” என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆயர், தம் கடமையைச் செய்துவிட்டதாக எண்ணுகிறார். “தவறிப்போய் நீ மீண்டும் தொட்டால், பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும்” என்பதையும் அவர் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்வது பாவத்திற்கு இடங்கொடுப்பதாகும் என்று நம் உடன்பணியாளர் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. இறந்தவனிடம் மனந்திரும்புதலைப் பற்றிப் பேச இயலாது.

வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவன் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வரக்கூடும். மனநல மருந்தும் அவ்வாறே. நிறுத்தியவுடன் ஒன்றும் தோன்றாது, சில வாரங்களில் பழைய நோய் திரும்பும். அப்போது அவன் செய்யும் செயலைக் கண்டு அண்டை வீட்டார் காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்புவர். அவன் மீண்டும் சிறைக்கே செல்வான். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணை இக்குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்துவைப்பது நல்லது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அவை நம் வீடுதோறும் உள்ளன.

ஆண்களின் கூச்சம்

இங்கு ஆண்களையே குறிப்பிட்டுப் பேசுவதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமன்று. நம் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கருவுற்ற பெண்களும் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளும் செல்லுமிடம் என்றே ஆண்கள் எண்ணியிருக்கின்றனர். அது திறந்திருக்கும் நேரம் கூலி வேலைக்குப் போகும் நேரம். வீட்டில் எவர் நோயுற்றாலும் சீட்டை வைத்திருப்பவளும், மருத்துவரிடம் பேசுபவளும் மனைவியோ தாயோதான். சிறை மீண்டவனுக்கு அந்த உதவியும் ஐயத்திற்குரியது. மனைவி தாய்வீடு சென்றிருக்கலாம். இருந்தாலும், உள்ளே தனக்கு வந்த நோயை அவளிடம் சொல்ல அவன் நாணுவான். குடும்ப அட்டையில் அவன் பெயர் நீக்கப்பட்டிருந்தால், அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதும் கடினமாகும். அலைச்சல் மிகுந்த இந்த வேலைக்கு நம் இளைஞர் சங்கத்தார் பயன்படுவர்.

அவனுக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி ஒன்று கூற விரும்புகிறோம். துண்டுப்பிரசுரம் அச்சிடுவது நம் சபைகளுக்குக் கைவந்த கலை. ஆனால் அது இங்கு அதிகம் பயன்படாது. மருத்துவ உலகில் இப்போது வற்புறுத்தப்படும் முறை, சொன்னதை நோயாளியைக் கொண்டே திருப்பிச் சொல்லவைப்பதாகும். ஞானோபதேச வினாவிடை கற்பித்த நமக்கு இது எளிது என்று தோன்றும். உண்மையில் கடினம். வினாவிடையில் அச்சிலுள்ள சொல்லையே நாம் எதிர்பார்க்கிறோம். இங்கோ அவன் தன் சொந்தச் சொற்களில் கூற வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்டால் அவன் “புரிந்தது ஐயா” என்பான், சிறை அவனுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்த விடை அது. “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டிற்குப் போய் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டால், பிழை அவனுடையதாகாமல் நம்முடையதாகும். அவனும் வாய் திறப்பான்.

மருத்துவரிடம் கேட்கத்தக்க சில கேள்விகளை முன்னதாகவே அவனோடு பேசிப் பழக வேண்டும். எனக்கு என்ன நோய், இந்த மருந்து எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகும் என்னும் மூன்றும் போதும். மாணவர் ஒருவர் மருத்துவராக நடிக்க, வேப்பமர நிழலில் இதை நாங்கள் பலமுறை செய்து பார்த்திருக்கிறோம். முதலில் சிரிப்பார்கள், மூன்றாம் முறை சிரிப்பதில்லை.

ஆயரின் கடிதமும் ஆயரின் மௌனமும்

பிலேமோனிடம் திரும்பிச் சென்ற ஒநேசிமு வெறுங்கையோடு செல்லவில்லை. சிறையிலிருந்த பவுல் எழுதிய கடிதம் அவன் கையில் இருந்தது. நம் ஆயர்களும் அத்தகைய கடிதம் எழுதலாம். சிறைக்குள் சென்றுவரும் ஆயர், அங்கு மருந்துண்போர் யாவர் என்பதை அவரவர் வாயிலாகவே அறிந்து, பிணை வருமுன்னரே சிகிச்சைச் சீட்டின் படியைக் கேட்டு வாங்கிவைக்குமாறு ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். விடுதலைக்குப்பின், அவன் வாழும் ஊர் மருத்துவ அலுவலருக்கு அவன் இசைவோடு நான்கு வரி எழுதிக் கொடுக்கலாம். அக்கடிதத்தில் அவன் செய்த குற்றம் பற்றி ஒரு சொல்லும் வேண்டா.

கடிதத்தைவிடக் கடினமானது மௌனம். சிறை மீண்ட ஒருவன் ஆலயத்திற்கு வரத் தொடங்கியவுடன் அவனைச் சாட்சி சொல்ல எழுப்புவது பல சபைகளில் வழக்கமாகிவிட்டது. அச்சாட்சியில் நோயும் வந்துவிடுகிறது. மறுநாள் அவனுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, நீதிமன்ற ஆணையின்றி எவரையும் தம் நோய்நிலையை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது. பிறர் நம்பி உரைத்ததை இசைவின்றி வெளியிடுவதும் தவறு. ஜெபக் குறிப்பு என்னும் பெயரால் நம் கூட்டங்களில் இச்சட்டம் எத்தனை முறை மீறப்படுகிறது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

விசுவாசத்தால் சுகம் பெற்றுவிட்டாய், மாத்திரையை எறிந்துவிடு என்று கூறும் ஊழியர்களிடம் இவர்கள் எளிதில் அகப்பட்டுக்கொள்கின்றனர். புது வாழ்வு தொடங்க விரும்புகிறவனுக்கு, சிறையில் தொடங்கிய மாத்திரை சிறையின் அடையாளமாகவே தெரிகிறது. அதை எறிவது விடுதலையின் நிறைவாகத் தோன்றுகிறது. வாதிட்டுப் பயனில்லை என்பதே எங்கள் அனுபவம். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை அவனோடு படிப்பது சில வேளைகளில் பயன் தந்ததுண்டு. அங்கு ஆசாரியன் பாளயத்திற்குப் புறம்பே சென்று நோயாளியைப் பார்க்கிறான். சுகம் உண்டாயிற்றா என்பதை நோயாளியின் சொல்லைக் கொண்டு முடிவு செய்யாமல், தானே சோதித்தறிகிறான். அதன் பின்னும் ஏழு நாள் காத்திருக்கச் சொல்லி மீண்டும் சடங்குகள் நடைபெறுகின்றன. சளிப் பரிசோதனைக்கு இரண்டாம் முறை போவதற்கு மறுத்த ஒருவர், இப்பகுதியைப் படித்தபின், “அப்ப மறுபடியும் காட்டணும்னு வேதத்திலேயே இருக்கா ஐயா?” என்று கேட்டுப் புறப்பட்டுப் போனார். விளக்கவியல் பேராசிரியர்கள் இந்த எடுத்தாள்கையை மன்னிப்பார்களாக.

2006ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில், சிறை மீண்டோருக்கெனத் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவ நிலையம், தாமே சிறையிலிருந்து மீண்டவர்களைச் சுகாதாரப் பணியாளராக அமர்த்தியது. வெளியே வருகிறவனை அவர்களே சந்தித்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்குச் சிகிச்சை பெற்றோர் அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம்மிடம் அத்தகைய நிலையமும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆனால் முற்பகுதியில் நாங்கள் குறிப்பிட்ட செங்கற்சூளைத் தொழிலாளி இருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எவரேனும் சிறையிலிருந்து வந்தால், எங்களுக்குச் செய்தி எட்டுமுன்னரே அவர் அவ்வீட்டிற்குச் சென்றுவிடுகிறார். வழக்கைப் பற்றி அவர் கேட்பதில்லை. “உள்ளே என்ன மாத்திரை குடுத்தாங்க? சீட்டு வச்சிருக்கியா?” என்பதே அவர் கேட்கும் முதற் கேள்வி. மறுநாள் காலையில் கூலியை விட்டுவிட்டு, ஓ.பி. வரிசையில் அவனோடு நிற்கிறார். பயணப்படியாக ஒரு தொகையை நாங்கள் கொடுக்க முற்பட்டபோது, பேருந்துக் கட்டணத்தையும் இருவருக்குரிய தேநீர்க் காசையும் மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.